லேசர் துடிப்பும் பிளாஸ்மாவும்: செல்போன் சிப் முதல் புற்றுநோய் சிகிச்சை வரை

"லேசரால் செயற்கைச் சூரியனை உருவாக்கினார்கள்", "மேசை மீது வைக்கும் அளவில் துகள் முடுக்கி", "லேசர் கதிரால் புற்றுநோய்க்குப் புதிய சிகிச்சை" என்ற தலைப்புகளில் அடிக்கடி வாட்ஸ்அப் குழுக்களில் செய்திகள் வருகின்றன. படிப்பவர்களில் சிலர் எல்லாமே பொய் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வேறு சிலர், வீட்டில் நோயாளி இருப்பவர்கள், "இந்தச் சிகிச்சை எங்கே கிடைக்கும்?" என்று தேடத் தொடங்கிவிடுகிறார்கள்.

இந்த மூன்று செய்திகளுக்கும் அடிப்படை ஒன்றுதான். மிகக் குறுகிய, மிகத் தீவிரமான லேசர் ஒளி, பிளாஸ்மா என்ற பொருளைச் சந்திக்கும்போது என்ன நடக்கிறது என்பதே அது. இதைப் புரிந்துகொண்டால், அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது அதில் எது நடந்து முடிந்தது, எது பாதி வழியில் இருக்கிறது, எது இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை என்று நாமே பிரித்துப் பார்க்கலாம்.

பிளாஸ்மா என்றால் என்ன?

பனிக்கட்டியைச் சூடாக்கினால் நீர். நீரைச் சூடாக்கினால் ஆவி. ஆவியை மேலும் மேலும் சூடாக்கினால் ஒரு கட்டத்தில் அணுக்களே உடைகின்றன. அணுவின் வெளியே சுற்றும் எலக்ட்ரான்கள் பிரிந்து தனியே அலைகின்றன. எலக்ட்ரானை இழந்த மிச்சம் அயனி எனப்படுகிறது. எலக்ட்ரான்களும் அயனிகளும் கலந்து கிடக்கும் இந்தக் கூட்டமே பிளாஸ்மா. பொருளின் நான்காவது நிலை என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம்.

இரத்த வங்கியில் சொல்லப்படும் பிளாஸ்மாவுக்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பு இல்லை. சூரியன் முழுவதும் பிளாஸ்மா. மின்னல் வெட்டும் பாதை பிளாஸ்மா. வெல்டிங் பட்டறையில் கண்ணைக் கூசச் செய்யும் அந்த வெளிச்சமும், பழைய டியூப்லைட்டுக்குள் ஒளிரும் வாயுவும் பிளாஸ்மாதான்.

இதன் ஒரு குணத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உலோகமோ கண்ணாடியோ அளவுக்கு மீறிய மின்புலத்தைத் தாங்காது. பொறி பறந்து சேதமாகிவிடும். பிளாஸ்மாவுக்கு அந்தக் கவலை இல்லை. அது ஏற்கெனவே உடைந்துபோன பொருள். மேலும் உடைய அதில் எதுவும் இல்லை. எந்தத் திடப்பொருளும் தாங்க முடியாத ஒளியை அது தாங்கும். கட்டுரையின் மீதி எல்லாம் இந்த ஒரு குணத்திலிருந்து வருவதுதான்.

தீவிரமான துடிப்பு என்பது எவ்வளவு?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் 'பெல்லா' என்ற லேசர் உள்ளது. அதன் ஒரு துடிப்பில் இருக்கும் ஆற்றல் சுமார் 40 ஜூல். நான்கு கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஆகும் ஆற்றல் இவ்வளவுதான். 9 வாட் எல்.இ.டி. பல்பு இதை ஐந்து வினாடிக்குள் செலவழித்துவிடும்.

வித்தியாசம், அந்த ஆற்றல் வெளிப்படும் நேரத்தில் இருக்கிறது. ஒரு வினாடியைப் பத்து கோடி கோடி பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு, ஒரு ஃபெம்டோ வினாடி. பெல்லாவின் துடிப்பு நீடிப்பது ஏறத்தாழ 40 ஃபெம்டோ வினாடிகள். அந்த நேரத்தில் ஒளியால்கூட ஒரு தலைமுடியின் தடிமனைக் கடக்க முடியாது. அரிசிப் பையைத் தூக்கும் ஆற்றல் இவ்வளவு சிறிய நேரத்தில் வெளிப்படுவதால், அந்தக் கணத்தில் அதன் திறன் உலகம் முழுவதும் சராசரியாகப் பயன்படுத்தப்படும் மின்திறனைவிட நூற்றுக்கணக்கான மடங்கு ஆகிவிடுகிறது.

பிறகு அதை லென்ஸால் சூரிய ஒளியைக் குவிப்பதுபோல, வளைந்த கண்ணாடியால் ஒரு நுண்புள்ளியில் குவிக்கிறார்கள். உச்சி வெயிலில் ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் ஒளியைவிட ஒரு லட்சம் கோடி கோடி மடங்கு தீவிரம் அங்கே கிடைக்கிறது.

இப்படி ஒரு துடிப்பை உருவாக்குவது ஒரு காலத்தில் முடியாத காரியமாக இருந்தது. 1960இல் லேசர் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு திறனைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஒரு கட்டத்தில் ஒளியைப் பெருக்கும் படிகமே அந்த ஒளியால் சேதமடையத் தொடங்கியது. இதற்குத் தீர்வு கண்டவர்கள் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜெரார் மூருவும் அவருடைய முனைவர் பட்ட மாணவி டோனா ஸ்ட்ரிக்லண்டும். ஆண்டு 1985.

அவர்களின் யோசனை எளிமையானது. குறுகிய துடிப்பை முதலில் நீளமாக இழுத்துப் பரப்பிவிட வேண்டும். பரவிய ஒளி மென்மையாக இருப்பதால் படிகத்துக்கு ஆபத்து இல்லாமல் அதைப் பெருக்கலாம். பெருக்கி முடிந்த பிறகு மீண்டும் இறுக்கிச் சுருக்கிவிடலாம். இதற்காக 2018ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது. மேரி கியூரி, மரியா கோப்பர்ட் மேயர் ஆகியோருக்குப் பிறகு இயற்பியலில் இந்தப் பரிசு பெற்ற மூன்றாவது பெண் ஸ்ட்ரிக்லண்ட். இன்று கண் மருத்துவமனைகளில் லாசிக் அறுவை சிகிச்சைக்குப் பயன்படும் ஃபெம்டோ வினாடி லேசர்களும் இந்த வழியில் வந்தவையே.

ஒளி நுழையுமா, திரும்புமா?

இப்போது இந்தத் துடிப்பு பிளாஸ்மாவைச் சந்திக்கிறது. முதல் கேள்வி: உள்ளே போகுமா, திரும்பி வருமா?

வீட்டுப் பெரியவர்களுக்கு இது பழக்கமான விஷயம்தான். சிற்றலை வானொலி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிக் கேட்டது. எஃப்.எம். அப்படிக் கேட்பதில்லை. காரணம், நம் தலைக்கு மேல் பல கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலம். அது ஒரு மெல்லிய பிளாஸ்மா. சிற்றலையின் அதிர்வெண் குறைவு என்பதால் அந்தப் பிளாஸ்மா அதைக் கண்ணாடிபோல் பூமிக்குத் திருப்பி அனுப்புகிறது. எஃப்.எம். அலையின் அதிர்வெண் அதிகம். அது ஊடுருவி விண்வெளிக்குப் போய்விடுகிறது.

லேசர் ஒளிக்கும் இதே விதிதான். ஒளியின் அதிர்வெண் வானொலி அலையைவிட மிக அதிகம் என்பதால், அதைத் திருப்பி அனுப்ப மிக அடர்த்தியான பிளாஸ்மா வேண்டும். வாயுவிலிருந்து உண்டாகும் பிளாஸ்மா அதற்குப் போதாது. லேசர் அதற்குள் பாய்ந்து செல்லும். உலோகத் தகட்டிலிருந்து உண்டாகும் பிளாஸ்மா பல மடங்கு அடர்த்தியானது. அங்கே ஒளி மேற்பரப்பிலேயே மோதித் தடுக்கப்படும்.

ஆனால் தீவிரம் மிகவும் கூடினால் இந்த விதியும் தளர்கிறது. ஒளியின் பிடியில் ஆடும் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும்போது, ஐன்ஸ்டீனின் சார்பியல் கொள்கைப்படி அவை கனமானவைபோல் நடந்துகொள்கின்றன. ஒளியைத் தடுக்கும் வேகத்தில் அவற்றால் அசைய முடிவதில்லை. அதனால் சாதாரண ஒளியைத் திருப்பி அனுப்பும் பிளாஸ்மா, அதிதீவிர ஒளிக்கு வழிவிடக் கூடும். 1970இல் இதைக் கணக்கிட்டுக் காட்டியவர்கள் இருவர். ஒருவர் ஜான் டாசன். மற்றவர் காஷ்மீரைச் சேர்ந்த பிரதிமன் கிருஷ்ண காவ். பின்னாளில் குஜராத்தின் காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் இயக்குநராக இருந்தவர் இவரே.

பயன் 1: உங்கள் கையில் இருக்கும் சிப்

முதலில், இன்றே வேலை செய்துகொண்டிருக்கும் பயனைப் பார்ப்போம்.

அண்மைக்கால உயர்ரக செல்போன்களின் சிப்புகளில் உள்ள கோடுகள் மிக மிக நுண்ணியவை. அவற்றைச் சிலிக்கான் மீது ஒளியால் 'அச்சடிக்கிறார்கள்'. நுண்ணிய கோடு போட நுண்ணிய அலைநீளம் உள்ள ஒளி தேவை. 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளி அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. தொழிற்சாலைக்குத் தேவையான அளவில் அந்த ஒளியைத் தரும் சாதாரண விளக்கு எதுவும் கிடையாது. அதைத் தருவது பிளாஸ்மா.

நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். நிறுவனத்தின் இயந்திரத்துக்குள் உருகிய வெள்ளீயம் துளித்துளியாகப் பாய்கிறது. பிரியாணி தேக்சாவின் உட்புறம் பூசுவார்களே, அதே வெள்ளீயம்தான். ஒவ்வொரு துளியும் தலைமுடியின் தடிமனைவிடச் சிறியது. வினாடிக்கு 50,000 துளிகள். ஒவ்வொரு துளியையும் லேசர் இரண்டு முறை தாக்குகிறது. முதல் துடிப்பு துளியை ரொட்டிபோல் தட்டையாக்குகிறது. இரண்டாவது, வலிமையான துடிப்பு அதைப் பல லட்சம் டிகிரி சூடுள்ள பிளாஸ்மாவாக மாற்றுகிறது. அந்தப் பிளாஸ்மா வெளியிடும் ஒளியைக் கண்ணாடிகளால் திரட்டிச் சிப் மீது செலுத்துகிறார்கள். இந்த ஒளியைக் காற்றே உறிஞ்சிவிடும் என்பதால் எல்லாம் வெற்றிடத்தில் நடக்கிறது.

இந்த வகை இயந்திரத்தை உலகச் சந்தைக்குத் தயாரித்து விற்பது இந்த ஒரு நிறுவனம்தான். எந்த நாட்டுக்கு இதை விற்கலாம், எதற்கு விற்கக் கூடாது என்று வல்லரசுகள் சண்டையிட்டுக்கொள்வதற்கும் இதுவே காரணம்.

பயன் 2: 'செயற்கைச் சூரியன்'

இரண்டாவது, நிரூபிக்கப்பட்டது. ஆனால் இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை.

கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 192 லேசர் கதிர்கள் ஒரே நேரத்தில் ஒரு சிறிய உலோக உருளைக்குள் பாய்கின்றன. உருளையின் நீளம் சுமார் ஒரு சென்டிமீட்டர். கதிர்கள் பட்டு அதன் உட்சுவர் பிளாஸ்மாவாகி எக்ஸ்-கதிர்களை வெளியிடுகிறது. அவை நடுவில் உள்ள மிளகளவு எரிபொருள் குண்டை எல்லாப் பக்கமிருந்தும் நசுக்குகின்றன. நசுங்கிய ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைகின்றன. சூரியனுக்குள் நடப்பதும் அணுக்கரு இணைவுதான்.

2022 டிசம்பர் 5 அன்று நடந்த சோதனையில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றல் உள்ளே போனது. 3.15 மெகாஜூல் இணைவு ஆற்றல் வெளியே வந்தது. கொடுத்ததைவிட அதிகம் கிடைத்தது என்ற செய்தி உண்மைதான். ஆனால் பல செய்திகளில் விடுபட்ட ஒரு கணக்கு உண்டு. அந்த 2.05 மெகாஜூல் லேசர் ஒளியை உருவாக்க மின்கம்பியிலிருந்து எடுத்தது சுமார் 300 மெகாஜூல். மேலும் அந்த லேசரால் ஒரு நாளைக்குச் சில முறைதான் சுட முடியும். மின்நிலையம் என்றால் வினாடிக்கே பல முறை சுட வேண்டும். நம் வீட்டு மின்கட்டணத்தை இது குறைக்கும் நாள் அருகில் இல்லை.

இந்தச் சோதனைகளுக்குப் பெரும் தலைவலியாக இருப்பதும் லேசருக்கும் பிளாஸ்மாவுக்கும் இடையிலான உறவே. உருளைக்குள் உண்டாகும் பிளாஸ்மாவில் லேசர் ஒளி சிற்றலைகளைக் கிளப்புகிறது. அந்த அலைகள் ஒளியைச் சிதறடித்து வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன. எரிபொருளுக்குப் போக வேண்டிய ஆற்றல் வீணாகிறது. இந்தச் சிதறலில் ஒரு வகைக்குத் தூண்டப்பட்ட ராமன் சிதறல் என்று பெயர். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1928இல் கண்டறிந்த விளைவின் பெயரைத்தான் உலகின் மிகப் பெரிய லேசர் ஆய்வகத்தின் விஞ்ஞானிகளும் இதற்குச் சொல்கிறார்கள்.

பயன் 3: சிறிய முடுக்கி

மூன்றாவதுதான் மிக அழகான இயற்பியல். நம் குடும்பங்களுக்கு நேரடி அக்கறை உள்ளதும் இதுவே.

துகள்களை வேகப்படுத்தும் இயந்திரத்துக்கு முடுக்கி என்று பெயர். இப்போதுள்ள முடுக்கிகளில் உலோகக் குழாய்களுக்குள் மின்புலத்தை ஏற்படுத்தித் துகள்களைத் தள்ளுகிறார்கள். மீட்டருக்குச் சுமார் பத்து கோடி வோல்ட்டைத் தாண்டினால் உலோகத்தில் பொறி பறந்துவிடும். எனவே அதிக ஆற்றல் வேண்டுமென்றால் நீளத்தைக் கூட்ட வேண்டும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு நேர்கோட்டு முடுக்கியின் நீளம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல்.

1979இல் தோஷிகி தஜிமாவும், முன்பு சொன்ன அதே ஜான் டாசனும் வேறொரு வழியைச் சொன்னார்கள். வாயுப் பிளாஸ்மாவுக்குள் ஒரு குறுகிய லேசர் துடிப்பைச் செலுத்துங்கள். ஒளியின் அழுத்தம் எலக்ட்ரான்களை இருபுறமும் ஒதுக்கித் தள்ளும். அயனிகள் கனமானவை, ஹைட்ரஜனின் அயனியே எலக்ட்ரானைப்போல் 1,836 மடங்கு கனம். அவை இருந்த இடத்திலேயே நிற்கும். துடிப்பு கடந்ததும், அயனிகளின் ஈர்ப்பால் எலக்ட்ரான்கள் திரும்பி ஓடிவரும். வேகத்தில் தாண்டிப் போகும். மீண்டும் திரும்பும். இப்படி ஆடும்போது துடிப்பின் பின்னால் ஓர் அலை உண்டாகும்.

விசைப்படகு போகும்போது பின்னால் எழும் அலையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அலையின் சரிவில் சரியான இடத்தில் ஒரு மரக்கட்டை சிக்கினால் அலை அதைத் தள்ளிக்கொண்டே போகும். பிளாஸ்மா அலையில் சிக்கிய எலக்ட்ரானுக்கும் அதுதான் நடக்கிறது. இங்கே அலை ஓடுவது ஏறத்தாழ ஒளியின் வேகத்தில். அதிலுள்ள மின்புலம் மீட்டருக்குப் பத்தாயிரம் கோடி வோல்ட். உலோகம் தாங்குவதைப்போல் ஆயிரம் மடங்கு.

தஜிமாவும் டாசனும் இதைச் சொன்னபோது அதற்கேற்ற லேசர் உலகில் இல்லை. 1985இன் கண்டுபிடிப்புக்குப் பிறகுதான் வழி பிறந்தது. 2004இல் பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய நாடுகளின் மூன்று குழுக்கள் ஏறத்தாழ ஒரே ஆற்றல் கொண்ட எலக்ட்ரான் கற்றைகளை இம்முறையில் உருவாக்கிக் காட்டின. 2019இல் பெல்லா குழு வெறும் 20 சென்டிமீட்டர் பிளாஸ்மாவில் எலக்ட்ரான்களை 780 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்குக் கொண்டுபோனதாக அறிவித்தது. ஸ்டான்ஃபோர்டு முடுக்கியில் இதற்கு ஏறத்தாழ 500 மீட்டர் தேவைப்படும்.

புற்றுநோய் சிகிச்சைக்கு இது எப்போது?

முடுக்கி என்றால் ஏதோ விஞ்ஞானிகளின் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். மருத்துவமனையில் கதிர் சிகிச்சை கொடுக்கும் இயந்திரமும் ஒரு முடுக்கிதான். அதில் ஒரு சிறப்பு வகை புரோட்டான் சிகிச்சை. புரோட்டான் உடலுக்குள் ஒரு குறிப்பிட்ட ஆழம் வரை சென்று, அங்கே ஆற்றலைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். கட்டிக்குப் பின்னால் இருக்கும் நல்ல உறுப்பு தப்பிக்கும். வளரும் பருவத்துக் குழந்தைகளுக்கு இது முக்கியம்.

ஆனால் புரோட்டான்களை வேகப்படுத்தி நோயாளியைச் சுற்றித் திருப்பும் அமைப்பு பல மாடி உயரம் கொண்டது. செலவும் மிக அதிகம். தெற்காசியாவின் முதல் புரோட்டான் சிகிச்சை மையம் 2019இல் சென்னையில்தான் தொடங்கியது. இன்றும் இந்தியாவில் இத்தகைய மையங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

லேசரால் இதைச் சிறியதாக்க முடியுமா? தீவிர லேசர் துடிப்பை மெல்லிய தகட்டின் மீது பாய்ச்சினால், சூடான எலக்ட்ரான்கள் தகட்டின் மறுபுறம் வெளியே பாய்கின்றன. அவை ஏற்படுத்தும் மின்புலம் தகட்டின் மேற்பரப்பிலுள்ள புரோட்டான்களை இழுத்து வெளியே வீசுகிறது. 2000ஆம் ஆண்டில் லிவர்மோர் விஞ்ஞானிகள் இம்முறையில் 5.8 கோடி எலக்ட்ரான் வோல்ட் வரை எட்டினார்கள். 2024இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் குழு 15 கோடி வரை சென்றது. உடலின் ஆழமான பகுதியை எட்ட 23 கோடி அளவில் தேவை.

ஆற்றல் மட்டும் போதாது. லேசர் தரும் புரோட்டான்கள் எல்லாம் ஒரே ஆற்றலில் வருவதில்லை. சில வேகமாக, சில மெதுவாக வருகின்றன. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் அளவு மாறுகிறது. மருத்துவருக்குத் தேவை, இன்று கொடுத்த அதே அளவை நாளையும் அப்படியே கொடுக்கும் இயந்திரம். அந்த இடத்துக்கு இது இன்னும் வரவில்லை.

எனவே, லேசர்-பிளாஸ்மா முடுக்கியால் கதிர் சிகிச்சை தருகிறோம் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். வீட்டில் யாருக்காவது கதிர் சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டிருந்தால், புதிய முறை வரட்டும் என்று ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். இன்று மருத்துவமனையில் இருக்கும் இயந்திரங்கள் பல பத்தாண்டுகள் சோதிக்கப்பட்டவை. சிகிச்சை பற்றிய முடிவைப் புற்றுநோய் மருத்துவரிடம் மட்டுமே கேளுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வழி

இந்தத் துறையில் இந்தியா வெறும் பார்வையாளர் அல்ல. மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலும் இந்தூரின் ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்திலும் அதிதீவிர லேசர் ஆய்வுக்கூடங்கள் உள்ளன. காந்திநகரில் பிளாஸ்மாவுக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது.

பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் பிடித்துப் படிக்கும் பிள்ளைக்கு, மருத்துவமும் பொறியியலும் மட்டுமே வழி என்று நினைக்க வேண்டியதில்லை. பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்கள் 'ஜாம்' தேர்வு எழுதி ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேரலாம். அதன்பின் 'ஜெஸ்ட்' போன்ற தேர்வுகள் வழியாக ஆராய்ச்சிக்குச் செல்லலாம். தேர்ந்தெடுக்கப்படும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு மாத உதவித்தொகையும் கிடைக்கும். பெண் பிள்ளைகளுக்கும் இந்த வழி அப்படியே திறந்திருக்கிறது. உலகின் தீவிர லேசர்களுக்கெல்லாம் அடிப்படையான அந்த முறையை ஸ்ட்ரிக்லண்ட் உருவாக்கியது, முனைவர் பட்டம் பெறுவதற்கு முன்பு, ஒரு மாணவியாக இருந்தபோதுதான்.